ஐந்து வரிகளுக்கு மிகாமல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் ரத்தத்திலிருந்து வந்தது. எழுத்தாளர்கள் வழக்கமாக விடுகிற பீலா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நிஜமாகவே ரத்தம்தான். ஊதா மூடி போட்ட இரண்டு குழாய், இடது கை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை.

எனக்கு ரத்தம் சரியாக உறையாது. ஹீமோஃபீலியா என்பார்கள். சவரக் கத்தி பட்டாலே செத்துவிடுவோம் என்று சினிமா பார்த்தவர்கள் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. உள்ளே, மூட்டுகளுக்குள் கசியும். வீங்கும். வலிக்கும். என் இடது முழங்கால் அதில்தான் போனது. இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் படிக்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்வேன். அம்மா வழியாக வருகிற வியாதி. பெண்களைப் பெரும்பாலும் படுத்தாது. பையனுக்கு வந்தால் விடாது. பெண்ணுக்கு வந்தால் சத்தம் போடாமல் உள்ளே உட்கார்ந்துகொண்டு அவளுக்குப் பிறக்கப்போகும் பையனுக்காகக் காத்திருக்கும். நான் பையன். என் தங்கை பெண். கதை அவ்வளவுதான், மீதியெல்லாம் என் வாய்க்கொழுப்பு.

தங்கைக்கு அப்போது நாற்பது வயது. கல்யாணம் தாமதம், குழந்தை அதைவிடத் தாமதம். ஆய்வுக்கூடத்தில் கருக்களை உண்டாக்கி, ஐந்தாம் நாள் ஒவ்வொன்றிலிருந்தும் சில செல்களை எடுத்துப் பார்த்து, வியாதி இல்லாத கருவை மட்டும் வயிற்றுக்குள் வைக்கிறார்கள். அப்படிப் பார்ப்பதற்கு முன்னால் குறை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குக் குடும்பத்தில் குறை உள்ள ஒருவரின் ரத்தம் வேண்டும். எங்கள் குடும்பத்தில் குறை உள்ள ஆள் நான்தான்.

அதாவது என்னைப் போல ஒருவன் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள, என்னிடமே அங்க அடையாளம் கேட்டார்கள். நான் கையை நீட்டினேன். சந்தோஷமாகத்தான் நீட்டினேன். ரத்தம் எடுத்த நர்ஸ் பஞ்சை வைத்து, “எவ்வளவு நேரம் சார் அழுத்திப் பிடிக்கணும்?” என்று பயந்துபோய்க் கேட்டாள். “நான் சொல்ற வரைக்கும்,” என்றேன். காலையில் ரத்தம் உறைவதற்கான ஊசி போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன், இரண்டு நிமிடம் போதும். பத்து நிமிடம் பிடிக்கவைத்தேன். சும்மா.

(இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிவதற்காகச் சொன்னேன். இருப்பதைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது என் பிறவிக் குணம்.)

2

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டையும் காட்டிவிடுகிறேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது.

“அவளுக்கு ஐந்து குழந்தைகள், ஐந்தும் ஒரே கண்ணாடித் தட்டில்—”

அடித்தேன். கரு குழந்தை இல்லை. இல்லையா? தெரியவில்லை. தெரியாததைக் கொண்டுபோய் முதல் வரியில் வைத்தால் கதை முழுக்க அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்.

“குளிர்ப்பெட்டிக்குள் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்—”

தூங்கவில்லை. ஒருவனும் இல்லை. பெட்டியும் இல்லை, அது திரவ நைட்ரஜன் தொட்டி. ஒரு வரிக்கு மூன்று பொய். அடித்தேன்.

“என் தங்கை சட்டை பார்க்கிறவள்.”

இது நிஜம். ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறாள். குழல்விளக்குக்குக் கீழே நீள மேஜை. சட்டையைப் பிரித்துப் போட்டு, காலர், தோள் தையல், பொத்தான், கை, கீழ்மடிப்பு என்று ஒரே வரிசையில் கையை ஓட்டுவாள். குறை இருந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. கருவைப் பரிசோதிக்கும் கதையில் நாயகிக்கு இப்படி ஒரு வேலை கொடுத்தால், “ஓகோ, குறியீடா?” என்று நீங்கள் கண்ணைச் சிமிட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். தபால் ஆபீஸில் உட்காரவைத்தேன், பல் டாக்டர் ஆக்கினேன். எங்கே உட்காரவைத்தாலும் அவள் எழுந்துவந்து சட்டைக் காலரைத் தடவிக்கொண்டு நின்றாள். விட்டுவிட்டேன். வாழ்க்கைக்கு அடக்கமாகக் கதை எழுதத் தெரியாது, நான் என்ன செய்வேன்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு மாப்பிள்ளை. பெரிய பெரிய கட்டடங்களின் உச்சியில் கிரீஸ் கையோடு நிற்பவர், அதனால் கீழே நடக்கிற எதற்கும் அவ்வளவாகப் பதற மாட்டார். பரிசோதனைக் கூடத்தில் அவர்களுக்கு ஒரு பளபளப்பான மடிப்புத்தாள் கொடுத்தார்கள். கூடுதல் சேவையாம். கருக்களில் எது உயரமாக வளர வாய்ப்பு அதிகம், எதற்குக் கண்ணாடி தேவைப்படாது, எது படிப்பில் சுட்டியாக இருக்கலாம் என்று வரிசைப்படுத்தித் தருவார்களாம். எல்லாமே ‘வாய்ப்பு’தான், உத்தரவாதம் கிடையாது என்று அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது.

மாப்பிள்ளை அதை ஒருமுறை படித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். “கோவம் கம்மியா ஒண்ணு இருக்கான்னு கேளு. உங்க குடும்பத்துல அது மட்டும்தான் இல்லாத சாமான்,” என்றார் தங்கையிடம்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். உயரம் பார்த்துப் பிள்ளை எடுப்பது எங்களுக்கு அசிங்கமாகப் பட்டது. ஹீமோஃபீலியா பார்த்து எடுப்பது நியாயமாகப் பட்டது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கோடு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த மாதிரிதான் இருந்தது. இப்போது கிட்டே போய்ப் பார்க்கிறேன், காணோம்.

3

இனி வருவதுதான் நான் செய்த தப்பு. ஒரு எழுத்தாளன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

ரத்தம் கொடுத்த அன்றைக்கே ஒரு படிவமும் நீட்டினார்கள். நான்காம் பக்கம், ஏழாவது கேள்வி: ‘நோய் உங்கள் அன்றாட வாழ்க்கையை எவ்வாறு பாதித்தது? ஐந்து வரிகளுக்கு மிகாமல் எழுதவும்.’

ஐந்து வரி! முப்பது வருடமாகப் பேனா பிடிக்கிறவனிடம். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் அறையின் மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மீன்தொட்டி. ஒன்றேகால் மணி நேரம். எழுந்தபோது கால் மரத்துவிட்டது, மனசு பறந்தது. நன்றாக வந்திருந்தது. அதில் ஒரு பகுதியை மட்டும் தருகிறேன்:

‘பதினோரு வயதில் ஒரு மழைக்காலத்தில் என் முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது.* மூன்று நாள் நான் தூங்கவில்லை. போர்வை உரசினாலும் கத்தினேன். மூன்றாம் நாள் விடியும் நேரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, “கால வெட்டிடுங்கப்பா” என்றேன். அப்பா எழுந்து வெளியே போனார். அவர் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் முன்னால் நான் வலிக்கிறது என்று சொன்னதே இல்லை.’

(* பூசணிக்காய் எல்லாம் இல்லை. உரித்த தேங்காய் அளவு இருக்கும்.)

ஆலோசகர் பெண்மணி என் எதிரிலேயே படித்தார். அவருக்குக் கடுமையான ஜலதோஷம். நடுவில் மூக்கைத் துடைத்துக்கொண்டது என் எழுத்துக்காகவா, ஜலதோஷத்துக்காகவா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எழுத்துக்காகத்தான் என்று வைத்துக்கொண்டேன். “இதை உங்க தங்கச்சிக்கும் காட்டலாமா?” என்று கேட்டார். தாராளமாக என்று கட்டத்தில் டிக் போட்டேன். பெருமை, சார், பெருமை. வேறென்ன.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அந்த ஆஸ்பத்திரி நாட்களில் அவளுக்கு ஏழு வயது, பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள்.

“நான் அங்க பொம்மை வச்சு விளையாடிட்டு இருந்தேண்ணா,” என்றாள். “நீ இங்க கால வெட்டச் சொல்லிட்டு இருந்திருக்க.”

“விடும்மா, பழைய கதை.”

“எனக்கு யாருமே சொல்லல.”

வைத்துவிட்டாள். நான் கொஞ்சம் வருத்தப்பட்டேன். கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். எழுதியது வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கள் ஜாதிக்கு வருகிற சந்தோஷம் அது.

4

ஐந்து கரு. இரண்டு பாதியிலேயே வளராமல் நின்றுவிட்டன. மூன்று பரிசோதனைக்குப் போயின. இரண்டாம் நம்பர், ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நம்பரில் வேறு ஏதோ பெரிய சிக்கல், பிழைக்காது என்றார்கள். நாலாம் நம்பருக்கு என் வியாதி.

பையனா பெண்ணா என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் இந்த வியாதி முழுசாக வந்தால் அனேகமாகப் பையன்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் நம்பரை வைத்தார்கள். ஆறாவது வாரம் தங்கவில்லை. அந்த வாரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் நன்றாக வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

டாக்டர் சொன்னதைத் தங்கை சொன்னபடி எழுதுகிறேன். மறுபடியும் முட்டை எடுக்கலாம், ஆனால் இந்த வயதில் கிடைப்பது கஷ்டம், அவள் உடம்பும் போன தடவையே ரொம்பப் படுத்திவிட்டது. இருப்பது நாலாம் நம்பர் ஒன்றுதான். அதை வைக்கச் சொல்லி அவர்கள் பரிந்துரைக்க மாட்டார்கள். நீங்கள் கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள், ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். மாத்திரை போட்டுக் கருப்பை தயாராக இருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் சொன்னால் அன்றைக்கே தொட்டியிலிருந்து எடுப்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

“வேண்டாம்னு சொல்லப் போறேண்ணா,” என்றாள் ஞாயிற்றுக்கிழமை. “எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ராத்திரி பகல் அதே நெனப்புதான். ஆனா ஒரு நாள் அவன் என் புடவையைப் பிடிச்சு இழுத்து கால வெட்டும்மான்னு சொன்னா நான் எங்க போவேன்? அப்பா மாதிரி ஒரு மணி நேரத்துல திரும்பி வரத் தெரியாதுண்ணா எனக்கு.”

5

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். எனக்கு இந்தக் கதையில் ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பதினோரு வயதுப் பையன்மேல்.

திங்கட்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா தனியாக இருக்கிறாள், மூன்றாம் மாடி, லிஃப்ட் உண்டு, மாப்பிள்ளைதான் மாதாமாதம் வந்து பார்க்கிறார். அம்மா பழைய தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் எழுதிக் கொடுத்ததன் நகலைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள்.

“இது யாரு சொன்னது?” என்றாள்.

“நான்தாம்மா. அப்பாகிட்ட.”

“நீ எங்கடா சொன்ன? பக்கத்துக் கட்டில்ல ஒரு லாரி டிரைவர் படுத்திருந்தான், கால் நசுங்கி. அவன்தான் விடிய விடியக் கத்தினான், வெட்டிடுங்க வெட்டிடுங்கன்னு. நீ போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்ட.”

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. அப்பா எழுந்து வெளியே போனாரு.”

“போனாரு. டீ குடிக்க. அந்த மனுஷனுக்கு விடிஞ்சா டீ வேணும்.”

“அப்ப எனக்கு வலிக்கலையா?”

“வலிக்காம? உதட்டைக் கடிச்சுக் கடிச்சுப் புண்ணாக்கி வச்சிருந்த. ஆனா நாலாம் நாள் கேரம் போர்டு கொண்டான்னு ஒரே அடம். கட்டில்லயே வச்சு ஆடினோம். அப்பா தோத்தாரு.”

சரி, அம்மா சொல்வது நிஜம் என்று வைத்துக்கொள்வோம். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய சிறந்த வரி ஒரு லாரி டிரைவரிடமிருந்து அடித்தது. அடித்தது என்று எனக்கே தெரியாமல் முப்பத்து நான்கு வருடம் அதைச் சொந்தம் என்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இல்லை, அம்மா சொல்வதுதான் பொய் என்று வைத்துக்கொள்வோம். இந்த வியாதி தன் வழியாக வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் என் முழங்காலை நேராகப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் அந்த வரியை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடத்தானே பார்ப்பாள்? பக்கத்துக் கட்டிலில் விட்டிருக்கலாம். அப்பாவை டீ குடிக்க அனுப்பியிருக்கலாம். அம்மாவும் கதை எழுதுகிறவள்தான், தாளில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

அப்பாவைக் கேட்கலாம் என்றால் அவர் போய் ஒன்பது வருடமாகிறது.

கிளம்பும்போது அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “உன்னைப் பெத்ததுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்படலடா. உனக்கு வலிச்சப்பல்லாம் வருத்தப்பட்டேன். அவகிட்ட அதையும் சேர்த்துச் சொல்லு,” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. லிஃப்ட் வரும் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

6

நான் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தங்கையிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். சுலபம். எந்த உண்மையை?

அந்த வரி என்னுடையது இல்லை என்று சொன்னால், அவள் பயம் பாதி கழன்றுவிடும். நாலாம் நம்பரை வைத்துவிடுவாள். அவன் பிறந்து, பதினோரு வயதில் நிஜமாகவே அந்த வார்த்தையைச் சொன்னால்? அதை அவன் வாயில் வைத்தவன் நான். சொல்லாமல் விட்டால், ஒரு லாரி டிரைவருடைய வலிக்காக, அதை அழகாக எழுதிய என் பெருமைக்காக, ஒருவன் வராமலே போவான். வராதவனுக்கு என்ன நஷ்டம், அவன்தான் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பதில் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பதிலை எனக்குப் பொருத்திப் பார்த்தால் தூக்கிவாரிப் போடுகிறது. எனக்கு முன்னால் இந்தப் பரிசோதனை இருந்திருந்தால் நான் நாலாம் நம்பர்.

இன்னொன்றும் இருக்கிறது. என் காலத்தில் ஐஸ் கட்டியும் படுக்கையும்தான் மருந்து. இப்போது சின்ன வயதிலிருந்தே ஒழுங்காக ஊசி போட்டால் முழங்கால் கெடாமல் வளர்கிறார்கள், பந்துகூட விளையாடுகிறார்கள். ஆக நான் எழுதிக் கொடுத்த வலி நிஜமே என்றாலும் அது அவனுடைய வலி இல்லை. ஆனால் ஊசி எப்போதும் கிடைக்குமா? ஒரு தடவை மூன்று மாதம் மருந்து வராமல் நான் வீட்டோடு கிடந்திருக்கிறேன். அப்புறம்—

(இந்தப் பத்தி இன்னும் நான்கு பக்கம் போயிற்று. ஒவ்வொரு ‘ஆனால்’ போடும்போதும் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். கிழித்துவிட்டேன்.)

முட்டி வீங்கிப் படுக்கையில் கிடந்ததால்தான் படித்தேன், படித்ததால்தான் எழுத்தாளன் ஆனேன், ஆகவே வியாதியும் ஒரு வரம் என்று ஒரு முடிவு கைவசம் இருக்கிறது. கூட்டங்களில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். சுத்தப் பொய். என்னோடு படுத்துக் கிடந்த மற்ற பையன்களில் ஒருத்தன்கூட எழுத்தாளன் ஆகவில்லை. ஒருத்தன் செத்தும் போனான்.

7

புதன்கிழமை மதியம் அவள் கம்பெனிக்குப் போனேன். சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிடம். பரிசோதனைக் கூடத்தில் ஆள் இல்லை, மேஜைமேல் சட்டைகள் அடுக்கடுக்காக. பாதிச் சட்டைகளில் சிவப்பு அம்பு. அவள் டப்பாவை மூடிவிட்டு ஒரு நாற்காலியை எனக்குத் தள்ளினாள். நீட்டி முழக்காமல் சொல்லிவிட்டேன். லாரி டிரைவர், டீ, கேரம், எல்லாம்.

அவள் முகம் சிவந்தது. எங்கள் குடும்பத்துக் கோபம்.

“எட்டு மாசமா அந்த ஒரு வரிய வச்சுக்கிட்டு நான் செத்துக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா சொந்தமா இல்லையான்னே தெரியலங்கிற?”

“தெரியலம்மா. சத்தியமா.”

“அஞ்சு வரிதானே எழுதச் சொன்னாங்க? மூடிக்கிட்டு அஞ்சு வரி எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?”

“தப்புதான்.”

“தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?” எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். ஒரு சட்டையை இழுத்துக் காலரைத் தடவினாள், அவளுக்கே தெரியாமல். “சரி, அந்த டிரைவருக்கு என்ன ஆச்சு?”

“அம்மாவுக்குத் தெரியல.”

“யாரோ ஒருத்தன் சொல்லியிருக்கான்ல. யாரு சொன்னா என்ன, அவ்வளவு வலி ஒண்ணு இருக்குன்னு ஆச்சே.”

“அவனுக்குக் கால் நசுங்கிடுச்சும்மா. அது வேற.”

“அவனும் அதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்திருப்பான். அவங்கம்மா என்ன டெஸ்ட் எடுத்திருக்க முடியும்?” என்றாள். அவள் எந்தப் பக்கம் பேசுகிறாள் என்றே எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

சட்டையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள். “அண்ணா, சுத்தி வளைக்காம ஒண்ணு சொல்லு. எழுத்தாளனா சொல்லாத. உனக்குப் பொறந்தது பிடிச்சிருக்கா?”

“இப்பவா?”

“பொதுவா.”

“வலிக்காத நேரத்துல பிடிச்சிருக்கு. வலிக்கிற நேரத்துல பிடிக்குதா பிடிக்கலையான்னு யோசிக்க இடமே இல்ல.”

“எது அதிகம்?”

யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. நான் உண்மையிலேயே எண்ணிப் பார்க்க முயன்றேன். நாற்பத்தைந்து வருடம். விரல் விட்டு எண்ணுகிற விஷயமா அது? “வலிக்காத நாள்தான் அதிகம்,” என்றேன். சொன்னதும் அவள் கண்ணில் ஏதோ ஒன்று எழுந்தது, உடனே பயந்துபோய், “ஆனா என்னை நம்பாதே, எனக்கு ஞாபகம் சரியில்லன்னு இப்பத்தான் தெரிஞ்சுது,” என்றும் சேர்த்தேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “உன்னை மாதிரி ஒரு சாட்சியை வச்சுக்கிட்டு எந்தக் கோர்ட்டுக்குப் போறது?”

மணி அடித்தது. மற்றவர்கள் கை துடைத்துக்கொண்டே வந்து அவரவர் மேஜையில் நின்றார்கள். அவளும் எழுந்து விளக்கைப் போட்டாள். “நான் அவர்கிட்ட பேசுறேன். நீ போ. இனிமே எதுவும் சொல்லாத. நல்லதும் சொல்லாத,” என்றாள்.

8

கதைக்கு முடிவு வேண்டும் என்று எனக்கும் தெரியும். இரண்டு எழுதிவைத்தேன்.

முடிவு ஒன்று: வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவளும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒன்பது மாதம். பையன். முதல் ஊசியை நான் போடுகிறேன்—

முடிவு இரண்டு: வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் போனில், வேண்டாம் என்கிறாள். வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். அன்றைக்கும் அறுநூறு சட்டை—

இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாப்பிள்ளை போன் செய்தார். “மச்சான், சொல்லியாச்சு,” என்றார், என்ன சொன்னார்கள் என்பதையும் சொன்னார். நான் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அது நடந்து இப்போது வருடங்கள் ஆகிவிட்டன. எத்தனை வருடம் என்று சொன்னால் நீங்கள் ஏதாவது கண்டுபிடிப்பீர்கள், அதனால் அதையும் சொல்லமாட்டேன்.

இந்தக் கதையை எழுதலாமா என்று தங்கையிடம் கேட்டேன். இந்த முறை முன்கூட்டியே கேட்டேன், திருந்திவிட்டேன்.

“எழுது,” என்றாள். “ஆனா நான் என்ன பண்ணேன்னு எழுதாத.”

“அப்படி எப்படி முடிக்கிறது?”

“இதப் படிக்கிறதுக்கு ஒருத்தன் இருந்தாலும் இருக்கலாம்ல. படிச்சா, தன்னை வச்சுக்கலாமா வேணாமான்னு மாமா தராசு வச்சு நிறுத்தாருன்னு அவனுக்குத் தெரியும். ஒருத்தனும் இல்லன்னா, படிக்கிறவ நான்தான். நான் ஒருத்தனை வேணாம்னு சொன்னதை அச்சுல பார்க்கணும். ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி ஒரு வரி எழுதி முடி. நீதான் பெரிய எழுத்தாளனாச்சே.”

அந்த ஒரு வரிக்காக மூன்று மாதம் உட்கார்ந்திருக்கிறேன். இதோ, கழித்துப்போட்டவை:

“அவள் சரியானதைத்தான் செய்தாள்—” எது சரி என்று ஆனாலும் மற்றது தப்பு என்று ஆகிவிடுகிறது.

“அவன் எங்கிருந்தாலும்—” இது இரங்கல் செய்தி.

“காலம் பதில் சொல்லும்—” சீ.

“நாங்கள் எல்லோரும் அவனை விரும்பினோம்—” நிஜம். ஆனால் இருக்கிறவன் படித்தால், அப்புறம் ஏன் வியாழக்கிழமை வரைக்கும் யோசித்தீர்கள் என்று கேட்பான். இல்லாதவன் கேட்கமாட்டான், அவனுக்குப் பதிலாக என் தங்கை கேட்பாள்.

“மருமகனே—”

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. உங்களுக்கு ஒரு வரி தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குக் காட்ட வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். எழுதியதை, எதிரே ஒரு சின்னப் பையன் உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு சத்தமாக வாசியுங்கள். பிறகு, அங்கே யாரும் இல்லை, பக்கத்து அறையில் என் தங்கை மட்டும் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை வாசியுங்கள். நானும் அப்படித்தான் வாசித்துப் பார்க்கிறேன். ஒரு தடவை மட்டும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். எந்தத் தடவை என்று தயவுசெய்து கேட்காதீர்கள், கேட்டால் சொல்லிவிடுவேன்.